காலியாக விடாத கட்டங்கள்

எங்கள் குடியிருப்பில் எந்த விஷயம் எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரிய வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தண்ணீர் எப்போது விட்டார்கள், கரண்ட் எப்போது போனது, குப்பை வண்டி வந்ததா இல்லையா. நான் சொன்னால் சொன்னதுதான். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. விடைத்தாள் கட்டு பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் அதை எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டேன். மரீஹாவிடம் தப்புக் கண்டுபிடிக்க இன்னொரு மரீஹா பிறந்து வர வேண்டும் என்று என் கணவர் அஃப்சல் சொந்தக்காரர்களிடம் சொல்வார். கிண்டல்தான். ஆனாலும் எனக்கு அது பிடிக்கும்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெயர் எனக்கு இருந்ததால்தான் மார்ச் மூன்றாம் தேதி அது நடந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கொத்தனார் கண்ணையன் நம்பியிருக்க மாட்டார்.

குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. ஏதோ ஒரு புயலில் அதன் பக்கக் கிளை முறிந்து, ஆள் இடுப்புப் பருமனில் ஒரு கட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டையின் பக்கவாட்டில், தரையிலிருந்து பதினான்கு அடி உயரத்தில், ஒரு சாத்துக்குடி நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை. டிசம்பரில் ஒரு மாலை பம்ப் அறையில் மோட்டாரை நிறுத்தப் போனபோது ஒரு மரங்கொத்தி அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு, அப்படியே உள்ளே போய் மறைந்தது. முதுகு பளீரென்ற மஞ்சள். நெற்றியிலிருந்து கொண்டை வரை சிவப்பு. கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தேன். 5.34. எல்லாம் பழக்க தோஷம். மறுநாளும் போனேன். 5.35. அவ்வளவுதான், நான் அதனிடம் விழுந்துவிட்டேன்.

பறவை கவனிக்கிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அதை நடத்துகிற ஹேமலதா எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தாள். சிவப்பு நெற்றி வரை இருந்தால் ஆண். நெற்றி கறுத்து வெள்ளைப் புள்ளியாக இருந்தால் பெண். மரங்கொத்தி முட்டையிட மட்டும் ஓட்டை குடைவதில்லை, ராத்திரி தனியாகத் தூங்கவும் ஓட்டை வைத்துக்கொள்ளும். என்னுடையது அப்படியொரு தூங்கும் ஓட்டை. அது காலையில் வெளியேறும் நேரத்தையும் மாலையில் நுழையும் நேரத்தையும் ஒரு நாள் விடாமல் தொண்ணூறு நாள் எழுதினால் நன்றாக இருக்கும் என்றாள். எங்கள் குழுவில் யாரும் நாற்பது நாளைத் தாண்டியதில்லையாம். அது போதாதா எனக்கு?

டிசம்பர் பதின்மூன்றாம் தேதி தொடங்கினேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, காலை, மாலை, குறிப்பு. பம்ப் அறைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலையில் அது தலையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கும். பிறகு விர்ரென்று கிளம்பும். முதல் நாள் காலை 6.21. மாலையில் சூரியன் விழுவதற்கு எட்டு நிமிடம், பத்து நிமிடம் முன்னால் வந்து சேரும். பிப்ரவரியில் அது கொஞ்சம் முன்னதாக, பதினாறு நிமிடம் முன்பே வந்தது. இவ்வளவு ஒழுங்கான ஜீவனை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை, என்னைத் தவிர. குழுவில் அதற்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். ஆராய்ச்சியில் பெயரெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். நோட்டில் அது 'ஆண்' மட்டும்தான். அதை ஒரு நாள் பார்க்காவிட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி நோன்பு தொடங்கியது. காலைக்குப் பிரச்சினை இல்லை. விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தொழுது முடித்து, மரத்தடிக்குப் போய்விடுவேன். மாலைதான் இடித்தது. ஆறேகால் தாண்டியதும் நோன்பு திறக்க வேண்டும். பறவை வருவதோ ஆறு மணி வாக்கில். அஃப்சல் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கி வந்துவிடுவார். வடை சுட்டு, பழம் நறுக்கி, சர்பத் கரைத்து எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டியது நான். அந்த நேரத்தில் நாற்காலி போட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா?

முதல் இரண்டு நாள் மாலைக் கட்டத்தைக் காலியாக விட்டேன். நோட்டைத் திறந்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. சூரியன் விழும் நேரம் ஃபோனில் இருக்கிறது. அதில் பதினாறு நிமிடத்தைக் கழித்தால் பறவை வரும் நேரம். முந்தைய இரண்டு வாரமும் ஒரு நிமிடம் முன்பின் அப்படித்தான். கழித்தேன். எழுதினேன். காலியாக இருந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பினேன். அதற்குப் பிறகு தினமும் அதே மாதிரி வடைச் சட்டியில் ஒரு கண்ணும் நோட்டில் ஒரு கண்ணுமாக எழுதிக்கொண்டிருந்தேன். பொய் என்று அப்போது தோன்றவே இல்லை. கணக்கு என்றுதான் தோன்றியது. நோன்பு வைத்துக்கொண்டு எழுதினேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மொத்தம் பன்னிரண்டு மாலைகள்.

காலைக் குறிப்புகள் மட்டும் உண்மையானவை. பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதியிலிருந்து அவற்றில் ஒரு புது விஷயம் இருந்தது. விடிந்ததும் ஒரு பெண் பறவை எங்கிருந்தோ வந்து மேல்கிளையில் உட்காரும். அது வந்த பிறகுதான் ஆண் வெளியே வரும். 'ஜோடி சந்திப்பு' என்று எழுதினேன். ஆண் பறந்து போகும், பெண் மேல்கிளையிலேயே இருக்கும். நான் நேரத்தை எழுதி நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். நாலு மணிக்கு எழுந்தவளுக்கு அரை மணித் தூக்கம் பெரிய விஷயம். பெண் பறவை ஏன் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் மரத்துக்கே ஆபத்து வந்தது. நகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டைக்குள் மழைத் தண்ணீர் இறங்கி அடிமரம் வரை உளுத்துப் போகும், எந்த நாளிலாவது சாய்ந்து பிள்ளைகள் மேல் விழும் என்று சொல்லி, சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். எங்கள் சங்கத்தின் செயலாளர் சுலோசனா அம்மா விடவில்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனுக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு முறை அலைந்து ஒரு சமாதானத்துக்குக் கொண்டு வந்தார். ஓட்டையை சிமென்ட் வைத்து அடைத்துத் தண்ணீர் இறங்காமல் செய்துவிட்டால் மரத்தை வெட்ட வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அடைத்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

அவர் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். பறவை இல்லாத நேரம் எது என்று கேட்டார். என் பறவைக்கு வீடு போகிறதே என்று எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் மரமே போவதற்கு இது தேவலை. தூங்கும் ஓட்டை ஒன்று போனால் மரங்கொத்தி இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளும் என்று ஹேமலதாவும் சொன்னாள். நோட்டை விரித்து சுலோசனா அம்மாவுக்குக் காட்டினேன். காலை ஆறரைக்குள் வெளியே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வரும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம் என்றேன். பகலில் அந்த மரத்தை நான் ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா? இல்லை. பகலில் நான் ஆபீசில் இருப்பேன். என் நோட்டில் பகலுக்குக் கட்டமே கிடையாது. சுலோசனா அம்மா கட்டங்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு இடம்கூடக் காலி இல்லையே என்று மெச்சினார். நான் சிரித்துக்கொண்டேன்.

மார்ச் மூன்று, செவ்வாய்க்கிழமை. எண்பத்தோராவது நாள். காலை பெண் வந்தது, 6.22. ஆண் போனது, 6.24. எழுதினேன், வீட்டுக்குப் போனேன், ஆபீசுக்குப் போனேன்.

பத்தரைக்கு ஃபோன். எங்கள் குடியிருப்பில் பூச்சு வேலை, ஓட்டு வேலை எல்லாம் பார்க்கிற கண்ணையன். பாகூர்ப் பக்கம் நிலம் இருக்கிறது. வயலில் வேலை இல்லாத நாட்களில் டவுனில் கொத்தனார் வேலை. அதிகம் பேசாத மனிதர். ஏணி மேல் நின்றுகொண்டு பேசினார்.

"மேடம், உள்ள ஏதோ பொறாண்டற மாரி இருக்குது. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

மறுநாள் மறுகூட்டல் விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள். என் மேசை முழுக்கக் கட்டு. எனக்குச் சுள்ளென்று வந்தது. எண்பது நாள் காவல் காத்தவள் நானா, இவரா?

"பகல்ல அதுல ஒண்ணும் இருக்காது, கண்ணையன். எண்பது நாளா எழுதி வச்சிருக்கேன். காஞ்ச பட்ட ஏதாவது வுழுந்திருக்கும்."

"அப்ப அடைச்சுரட்டுங்களா?"

"அடைங்க."

ஃபோனை வைத்துவிட்டு அந்த வார்த்தையை நான் மறந்தும் போனேன். பதினோரு மணிக்கு சுலோசனா அம்மா போட்டோ அனுப்பினார். ஓட்டை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு வட்டம். கண்ணையன் வேலை சுத்தமாக இருக்கும். கட்டைவிரல் படம் போட்டுப் பதில் அனுப்பினேன்.

அன்று மாலை அஃப்சலையே வடை சுடச் சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனேன். ஓட்டை அடைபட்டதைப் பார்த்து ஆண் என்ன செய்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று எழுதினால் நோட்டுக்கு ஒரு முடிவு கிடைக்கும். நோன்பு தொடங்கிய பிறகு மாலையில் நான் அங்கே வந்தது அதுதான் முதல் முறை.

5.58க்கு வந்தது. அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, தாவித் தாவிக் கட்டைக்கு ஏறி, வழக்கமான இடத்தில் தலையை நீட்டியது. சிமென்ட். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பார்த்தது. பிறகு அதன் விளிம்பில் தட்டியது. இரை தேடுகிற வேகமான கொத்தல் இல்லை. மெதுவாக, விட்டு விட்டு, கதவு தட்டுகிற மாதிரி நாலு தட்டு. நிறுத்திவிட்டு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

உள்ளேயிருந்து தட்டு கேட்டது.

எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆண் மறுபடி தட்டியது. நிறுத்தியது. உள்ளேயிருந்து மறுபடி, மூன்று தட்டு. மெலிசாக, அடைத்த குரல் மாதிரி.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஆண் வெளியே என் கண் முன்னால் இருக்கிறது. அப்படியென்றால் உள்ளே இருப்பது யார்?

பெண். காலையில் மேல்கிளையில் உட்கார்ந்திருந்த பெண். அது என்னைப் பார்க்க உட்காரவில்லை. நான் எழுந்து போவதற்காகக் காத்திருந்தது. நான் நோட்டை மூடிக்கொண்டு போனதும் உள்ளே இறங்கியிருக்கிறது. ராத்திரி ஆண் உட்காரும், பகலில் பெண் உட்காரும். ஒன்று வந்தால்தான் இன்னொன்று எழுந்து போகும். அது ஜோடி சந்திப்பு இல்லை. ஆள் மாற்று. உள்ளே முட்டை இருக்கிறது.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு மாலை, பன்னிரண்டில் ஒரே ஒரு மாலை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், ஆண் வந்ததும் அந்த ஓட்டைக்குள்ளிருந்து பெண் வெளியே வருவதைப் பார்த்திருப்பேன். குருடிக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. எழுதினேன்.

கண்ணையனுக்கு ஃபோன் போட்டேன். இங்கே பக்கத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் தரை போடுகிற வேலையில் இருந்தார். என் வாயிலிருந்து என்ன வந்ததோ தெரியாது. "உள்ள இருக்குது" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வர்றேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுலோசனா அம்மாவின் வீட்டுக்கு ஓடினேன். அவர் வீட்டுப் பின்னால்தான் சங்கத்தின் ஏணி இருக்கும். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்து சாத்தினோம். ஆண் அலறிக்கொண்டு பறந்துபோய்ப் பக்கத்து வேப்பமரத்தில் உட்கார்ந்தது. நாற்பத்தி மூன்று வயதில் முதல் முறையாக ஏணி ஏறினேன். கையில் பம்ப் அறையிலிருந்து எடுத்த ஸ்பேனர். சிமென்ட்டைச் சுரண்டினேன். மேலே பொடி உதிர்ந்தது, அவ்வளவுதான். ஏழு மணி நேரத்தில் அது இறுகிப் போயிருந்தது. அடிக்கப் பயமாக இருந்தது. உடைந்த துண்டு உள்ளேதானே விழும்?

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சிமென்ட் வட்டத்தின் கீழ்ப்பக்கம், விளிம்பை ஒட்டி, சின்னதாக ஒரு துளை. காற்றுக் குமிழ் உடைந்தது போலத்தான் இருந்தது. ஆனால் நன்றாக வட்டமாக இருந்தது. அதற்கு நேராகக் கண்ணை வைத்தேன். உள்ளே இருட்டு. இருட்டில் ஏதோ அசைந்தது.

கண்ணையனின் பைக் வந்து நின்றது. உளியும் சுத்தியலும் குறடும் கையில். நான் இறங்கி வழி விட்டேன். அவர் ஏறி, முதலில் அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்த்தார். அது என்ன துளை என்று கீழிருந்து கேட்டேன்.

"நாந்தான் வுட்டேன். உங்ககிட்ட பேசினப்பறமும் மனசு ஒப்பல. பென்சில சொருகி வச்சுப் பூசிட்டு, கடசீல உருவிட்டேன்."

அவர் காதில் இன்னமும் அந்தப் பென்சில் இருந்தது. எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. என் மேல் வர வேண்டியது அவர் மேல் போனது. கத்தினேன் என்றுதான் சுலோசனா அம்மா பிறகு சொன்னார்.

"அவ்ளோ சந்தேகம் இருந்தா ஏன் அடைச்சீங்க? ஏன் அடைக்கணும்?"

கண்ணையன் உளியை விளிம்பில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எழுதி வச்சிருக்கேன்னு சொன்னீங்களே மேடம்."

குரலில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

அவர் நடுவில் அடிக்கவில்லை. விளிம்பைச் சுற்றிச் சுற்றி மரத்தோடு சேர்ந்த இடத்தை மட்டும் தட்டித் தட்டி விடுவித்தார். சிமென்ட்டுக்குப் பின்னால் கம்பி வலை வைத்திருந்தார். அதைக் குறடால் பிடித்து மொத்தமாக வெளியே இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். முக்கால்வாசி வந்துவிட்டது. அந்த நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அடுத்த நொடி கீழ்ப்பக்கம் ஒரு துண்டு, ஒரு எலுமிச்சை அளவு இருக்கும், வலையிலிருந்து கழன்று உள்ளே போனது. அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பெரிய சத்தம் இல்லை.

வலை கையோடு வந்தது. கூடவே பெண் வெளியே வந்தது. கண்ணையனின் முகத்தில் இறக்கையால் அடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் சாம்பல் பூசி, எந்தப் பறவை என்றே தெரியாத நிறத்தில் வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தது. சுவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, விமான நிலையப் பக்கம் தாழ்ந்து போனது. கத்தவே இல்லை. வேப்பமரத்திலிருந்த ஆண்தான் கத்தியது.

கண்ணையன் ஃபோனின் லைட்டைப் போட்டு, ஓட்டை வாயில் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார். மூவரும் பார்த்தோம். மரத்தூள் மேல் மூன்று வெள்ளை முட்டைகள். சிமென்ட் துண்டு இரண்டின் மேல் விழுந்திருந்தது. மஞ்சள் கரு தூளில் ஊறிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒன்று மட்டும் முழுதாக இருந்தது. அந்தத் துண்டை எடுக்கக் கை எட்டுமா என்று கேட்டேன். எட்டாது என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணையன் பைக்கிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திறந்து நீட்டினார். நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்பதை அவர்தான் நினைவு வைத்திருந்தார். அந்தத் தண்ணீரைக் குடித்தேன். சுலோசனா அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, நீ என்ன வேணும்னா செஞ்ச என்றார். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. நோட்டை எடுத்து, பிப்ரவரி பத்தொன்பது முதல் மார்ச் இரண்டு வரை மாலைக் கட்டங்களைக் காட்டி, இது எதையும் நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தார்.

6.41க்கு, வெளிச்சம் போகிற நேரத்தில், ஆண் வந்தது. உடைந்த ஓட்டையின் விளிம்பில் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தது. உள்ளே போனது. வெளியே வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு கட்டங்களையும் அடித்தேன். ஒவ்வொன்றின் மேலும் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். போட்டோ எடுத்து ஹேமலதாவுக்கு அனுப்பினேன். நடந்ததையும் எழுதினேன். படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே போய்விட்டேன். மரத்துக்குப் பக்கத்தில் இல்லை, பெண்ணுக்குப் பயம் வரக்கூடாது என்று பம்ப் அறைக்குப் பின்னால். 6.24க்கு ஆண் தலையை நீட்டியது. கிளம்பவில்லை. மேல்கிளையைப் பார்த்தது. உள்ளே போனது. மறுபடி நீட்டியது. ஆறே முக்கால். ஏழு. ஏழரை. ஆபீசுக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினேன்.

எட்டு மணிக்குக் கண்ணையன் வந்தார். வேலைக்குப் போகிற வழி. நேற்று அந்த இறக்கை அடித்த இடம் கன்னத்தில் கோடாகச் சிவந்திருந்தது. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் தலையையே பார்த்தார்.

"அந்தப் பொட்ட எப்ப வரும் மேடம்?"

"தெரியாது" என்றேன்.

நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். அரை மணி நேரம் இருந்துவிட்டு, வந்தால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிப் போனார்.

9.12க்கு ஆண் கிளம்பியது. பசி தாங்கியிருக்காது. நான் அங்கேயே இருந்தேன். நோட்டில் பகலுக்கென்று புதிதாகக் கோடு போட்டு, மணிக்கு மணி எழுதினேன். பத்து, யாரும் வரவில்லை. பதினொன்று, யாரும் வரவில்லை. அந்த மரத்தின் பகல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அணில்கள், காக்கை, பன்னிரண்டு மணிக்கு ஒரு கீரிப்பிள்ளை. ஐந்து வரை யாரும் வரவில்லை. 5.56க்கு ஆண் வந்து உள்ளே போனது.

ஐந்தாம் தேதி காலை 7.40 வரை காத்திருந்துவிட்டுப் போனது. ஆறாம் தேதி 6.50. பெண் வரவில்லை. மாலை கண்ணையன் ஃபோனில் கேட்டார், வரவில்லை என்றேன்.

ஏழாம் தேதி காலை ஆண் தலையை நீட்டியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. மேல்கிளையைப் பார்க்கவில்லை. விர்ரென்று கிளம்பிவிட்டது. வாட்சைப் பார்த்தேன். டிசம்பரில் முதல் நாள் காலை எழுதிய அதே நேரம்.

6.21 என்று கட்டத்தில் எழுதினேன். அது உண்மை. நான் பார்த்தேன்.